சேர்ந்தோர், நிலைத்தோர், நீங்கினோர்

ஆதிபகவன் அரசாட்சியைத் துறந்து தவக்கோலம் பூண்ட நாளில், அவருடன் நாலாயிரம் மன்னர்கள் துறவு மேற்கொண்டனர் என்று ஆதிபுராண மரபு கூறும். துறவின் பொருளை உணர்ந்து அவர்கள் வந்தவர் அல்லர். தலைவன் எதைச் செய்கின்றானோ அதனையே தாமும் செய்ய வேண்டும் என்னும் அன்பு ஒன்றே அவர்களை அழைத்து வந்தது. பகவான் ஆறு மாத காலம் உண்ணாது, பேசாது, அசையாது நின்றார். உடன் வந்தோரால் சில நாள்களுக்கு மேல் பசியைத் தாங்க இயலவில்லை. காய் கனிகளைப் பறித்து உண்டனர். ஓடை நீரைப் பருகினர். நிர்க்கிரந்தக் கோலத்தில் அவ்வாறு செய்தல் தகாது என்று வனதேவதை தடுத்தபோது மரவுரி தரித்தனர். ஆயினும் ஊருக்குத் திரும்பினார் அல்லர். பகவானைக் கைவிட்டு வந்தீரோ என்று பரதன் சினப்பான் என்னும் அச்சம் அவர்களைக் காட்டிலேயே நிறுத்திற்று.

அன்பினால் சேர்ந்தனர்; பசியினால் வழுவினர்; அச்சத்தினால் வீடு திரும்பாது நின்றனர். இவற்றுள் ஒன்றேனும் தத்துவ ஆராய்ச்சியால் நேர்ந்ததன்று. கடுமையான ஒழுக்கத்தை உடைய ஒரு நெறியில் மனிதர் புகுவதற்கும், நிலைத்திருப்பதற்கும், அதனை விட்டு நீங்குவதற்கும் உள்ளத்தின் தூண்டுதல்களே பெரும்பாலும் காரணமாகின்றன என்பதைப் புராணம் தன் தொடக்கத்திலேயே மறைக்காமல் கூறிவிட்டது.

தமிழகத்தில் சமணம் ஓங்கியதற்கும் பின்னர்க் குறைந்ததற்கும் வரலாற்று நூல்கள் பல காரணங்களைக் காட்டும். மன்னர்களின் ஆதரவும் அதன் இழப்பும், வாதப் போர்களும், பக்தி இயக்கத்தின் எழுச்சியும் அவற்றுள் முதன்மையானவை. அவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் மன்னன் மாறினான் என்பதற்காக ஓர் ஊரில் உள்ள அத்தனை குடும்பங்களும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. ஒரு வீடு மாறியது. அடுத்த வீடு மாறாமல் நின்றது. அந்த வேறுபாட்டிற்கான விடை அரண்மனையில் இல்லை. அது நோயாளியின் படுக்கையருகிலும், உடன்பிறந்தார் உறவிலும், ஊராரின் அடுக்களையிலும் கிடக்கின்றது.

துயரம் திறந்த வாயில்

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தருமசேனரின் வரலாறு தமிழ்ச் சமணர் எவரும் அறிந்ததே. அவரைச் சைவ உலகம் திருநாவுக்கரசர் என்று போற்றும். அவ்வரலாற்றை விரிவாகக் கூறும் நூல் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். அது சைவர் நோக்கில் எழுந்த நூல். எனினும் அதன் தொடக்கப் பகுதியை நிதானமாகப் படிப்போர், சமணத்தின் ஈர்ப்பு எத்தகையது என்பதற்கு அதுவே சான்று பகர்வதைக் காணலாம்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் மருள்நீக்கியார். அவருடைய தமக்கை திலகவதியார். தமக்கைக்குக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவரை மணமகனாக உறுதி செய்திருந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் போருக்குச் சென்றார். அவர் போர்க்களத்தில் இருந்த காலத்திலேயே தந்தை இறந்தார். தாயும் உடன் மாய்ந்தார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. தமக்கை உயிர்விடத் துணிந்தார். இளையவன் காலில் விழுந்து அழுது, தானும் உடன் மடிவதாகக் கூறியபின், தம்பிக்காக உயிர் தாங்கினார்.

அவ்வாறு வளர்ந்த இளைஞன் உலகின் நிலையாமையைக் கண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தான் என்றும், பின்னர்ச் சமண நெறியைச் சார்ந்தான் என்றும் அந்நூல் கூறும். ஒரு வீட்டில் அடுத்தடுத்து மூன்று சாவுகளைக் கண்டவனுக்கு, யாக்கையும் செல்வமும் நில்லா என்று கூறிய நெறி தன் வாழ்வையே எடுத்துரைத்ததாகத் தோன்றியிருக்கும். துயரத்திற்குக் காரணம் கூறி, அதனைக் கடக்க ஒழுங்கான பயிற்சியும் அளித்த நெறி அது. நீலாஞ்சனையின் ஆட்டம் நடுவே முடிந்த கணத்தில் ஆதிபகவனுக்கும், மணப்பந்தலின் அருகே அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்ட கணத்தில் நேமிநாதருக்கும் பிறந்த உணர்வு தீர்த்தங்கரர்க்கு மட்டுமே உரியதன்று. இழப்பைக் கண்ட எளிய மனிதனுக்கும் அதன் ஒரு துளி கிட்டும்.

அவர் புகுந்த இடமும் எளியதன்று. இன்றைய கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரே அக்காலப் பாடலிபுரம் என்பர். கி.பி. 458இல், பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சருவநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் உலக அமைப்பு நூலைப் பாடலிகாவில் எழுதி முடித்தார். அத்தகைய கல்வி மரபு உடைய பள்ளியில் மருள்நீக்கியார் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார்.

நோயும் தமக்கையும்

அவரை அங்கிருந்து அகற்றியது வாதம் அன்று. எவரும் அவரைச் சொல்லால் வெல்லவில்லை. சூலை நோய் அவரைப் பற்றியது. உடனிருந்த முனிவர்கள் மந்திரித்த நீர் அளித்தனர்; மயிற்பீலியால் தடவினர்; நோய் தணியவில்லை. தம்மால் ஆவது இல்லை என்று அவர்கள் அகன்றனர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. இது எதிர்த்தரப்பார் கூற்று என்பதால் முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் அவர் செய்த செயல் கருதத்தக்கது. தம்முடைய சமையற்காரனை அழைத்துத் திருவதிகையில் இருந்த தமக்கையாரிடம் அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தான் வருவதற்கில்லை என்று தமக்கை மறுமொழி கூறினார். அவ்விரவே பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, நடக்க இயலாத உடலுடன் தருமசேனர் திருவதிகைக்குச் சென்று தமக்கையின் அடியில் வீழ்ந்தார். அவர் அளித்த திருநீற்றைப் பெற்றார்.

பல ஆண்டுகளாக நூல்களைக் கற்று, தலைமைப் பதவியும் வகித்த ஒருவர், வலியின் உச்சத்தில் யாரை நினைத்தார் என்பதே இங்கு வினா. தமக்காக உயிர் தாங்கிய பெண்ணை நினைத்தார். அவர் எந்தக் கோயிலில் அலகிடுகின்றாரோ அந்தக் கோயில் இவருக்கும் உரியதாயிற்று. பின்னாளில் அவர் பாடிய பதிகங்களில் பள்ளியில் கழித்த நாள்களை எண்ணி வருந்துவதும் உண்டு. பிரிந்து சென்றோர் தாம் இருந்த இடத்தைக் கடிந்து பேசுவது எல்லாச் சமயங்களிலும் காணப்படும் இயல்பே. தாம் விட்டு வந்தது பெரியதாயின், அதனை விட்டதற்கான நியாயமும் பெரியதாக வேண்டியிருக்கின்றது.

அவரைப் பின்பற்றிப் பல்லவ மன்னனும் சமணத்தை விட்டு நீங்கினான் என்பது மரபு. தமிழ்ச் சமணத்தின் வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்றின் தோற்றுவாய், ஒரு நோயாளிக்கும் அவருடைய உடன்பிறந்தாளுக்கும் இடையே இருந்த அன்பு.

சென்று மீண்டவர்

இதனோடு ஒப்பு நோக்கத்தக்க மற்றொரு வரலாறு சமண மரபிலேயே உண்டு. தருமசேனருக்கு முற்பட்டவராகிய சமந்தபத்திர ஆசாரியருக்குப் பஸ்மகம் என்னும் நோய் வந்தது. எவ்வளவு உண்டாலும் தணியாத பசியே அந்நோய். நாளுக்கு ஒரு முறை, கையில் ஏற்று, நின்றபடி அளவாக உண்ணும் முனிவருக்கு இதனினும் கொடிய நோய் வேறு இருக்க முடியாது. விரதத்தைக் குலைப்பதினும் சல்லேகனையால் உடலை விடுவதே தக்கது என்று கருதி ஆசிரியரிடம் அனுமதி வேண்டினார்.

ஆசிரியர் அனுமதிக்கவில்லை. இவரால் அறத்திற்கு ஆக வேண்டிய பணி உண்டு என்று உணர்ந்து, முனிவர் கோலத்தைக் களைந்து, எவ்வகையாலேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் வருமாறு பணித்தார். சமந்தபத்திரர் சென்றார். காஞ்சி என்று ஒரு மரபும் காசி என்று மற்றொரு மரபும் கூறும் ஊரில், சிவன் கோயில் ஒன்றில் படைக்கப்பட்ட திரளான அன்னத்தை உண்டு நோய் தணியப் பெற்றார். உண்மை வெளிப்பட்டு மன்னன் முன் நிறுத்தப்பட்டபோது தீர்த்தங்கரர் துதியைப் பாடினார் என்றும், சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் திருவுரு தோன்றிற்று என்றும் கதை கூறும். அதன்பின் அவர் மீண்டும் தீட்சை பெற்றார். அவருடைய பஸ்மக நோயைக் குறிப்பிடும் சிரவணபெளகொளாவின் மல்லிசேணர் கல்வெட்டு 1129ஆம் ஆண்டைச் சார்ந்தது. பெரியபுராணமும் அதே நூற்றாண்டினது. ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு சமயங்களும் நோயுற்ற ஒரு துறவியின் கதையைப் போற்றிப் பதிவு செய்துள்ளன.

இருவரும் கற்றறிந்த முனிவர். இருவரையும் வயிற்று நோயே வருத்தியது. இருவரும் கோலத்தைக் களைந்து சிவன் கோயிலை அடைந்தனர். ஒருவர் மீளவில்லை, மற்றவர் மீண்டார். சமந்தபத்திரரைப் போகச் சொன்னவர் அவருடைய ஆசிரியர். போகும்போதே மீண்டு வருக என்னும் சொல்லைப் பெற்றுச் சென்றார். தருமசேனரோ எவரிடமும் கூறாமல் இரவில் சென்றார். சொல்லிக்கொண்டு செல்ல இயலாத இடத்திற்குத் திரும்பி வருதல் அரிது.

இதனினும் வியப்பானது, மீண்டு வந்த அவ்வாசாரியர் இல்லறத்தார்க்கு எழுதிய நூல். இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்னும் அந்நூலின் பொருளை அருங்கலச்செப்பு குறட்பாக்களில் தமிழர்க்கு அளித்துள்ளது. இல்லறத்தாரின் சிட்சா விரதங்கள் நான்கனுள் இறுதியாவதை மற்ற ஆசிரியர் பலர் அதிதி சம்விபாகம், அதாவது விருந்தினர்க்குப் பகுத்தளித்தல் என்பர். சமந்தபத்திரர் அவ்விடத்தில் வையாவிருத்தியம் என்னும் சொல்லை அமைத்தார். உணவளித்தல் அதனுள் அடங்கும். அதனுடன் நற்குணங்களின்பால் கொண்ட அன்பினால் தவத்தோரின் இடுக்கண் களைதலும் அவர்தம் கால் பிடித்தலும் அதனுள் அடங்கும். தாம் நோயுற்றுக் கிடந்த காலத்தை மறவாத ஒருவர், நோயுற்ற துறவிக்குத் துணையாதலை இல்லறத்தாரின் விரதமாகவே வகுத்துள்ளார்.

தாங்கிய கைகள்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களைத் தாங்கிய பெரும்பாறை உள்ளது. அங்குள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் துறந்ததைக் கூறும். மற்றொன்று இளையபடாரர் 30 நாள் நோன்பிருந்ததைக் கூறும். இவற்றைப் படிப்போர் பெரும்பாலும் அம்முனிவர்களின் உறுதியையே எண்ணி வியப்பர். நாள்களை எண்ணியவர் யார் என்பதும் எண்ணத்தக்கது. நோன்பிருப்பவர் நாள் கணக்கைக் கல்லில் வெட்டுவதில்லை. ஐம்பத்தேழு நாளும் அருகிருந்து, ஆகமம் ஓதி, உடலைப் பேணி, இறுதியில் நிசீதிகைக் கல்வெட்டைப் பொறித்தவர்கள் வேறு சிலர். அவர்கள் பெயர் அங்கு இல்லை. சல்லேகனை தனி ஒருவரின் செயல் போலத் தோன்றினும், அது ஒரு கூட்டத்தின் துணையால் மட்டுமே நிறைவேறுவது.

கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துப் பொறிப்புகளில் ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் நிறைந்துள்ளன. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தி என்று பெண் ஆசிரியர்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். ஒவ்வொரு திருவுருவின் கீழும் இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்தது என்னும் முறையில் உறவு பொறிக்கப்பட்டுள்ளது. கொள்கை விளக்கம் ஒன்றும் அங்கு இல்லை. மக்கள் கல்லில் நிலைபெற விரும்பியது, தாம் யாருடைய மாணாக்கர் என்பதையே. பெண்ணுக்குக் கல்வியும் ஆசிரியத் தகுதியும் அளித்த பள்ளியில் அப்பெண்கள் நிலைத்திருந்ததில் வியப்பில்லை.

வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் கல்வெட்டு சோழன் முதலாம் ஆதித்தன் காலத்தது. பள்ளியில் இருந்தோரிடையே பூசல் எழுந்த நிலையில், கனகவீர குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாமே காத்து உணவளிப்பதாக ஊரார் உறுதி கூறியதை அது தெரிவிக்கின்றது. துறவோர் கூட்டத்திலும் பிணக்கு நேர்ந்தது. அதனை மறைக்காமல், அதன் நடுவே நின்று உணவளிக்க முன்வந்த இல்லறத்தாரையும் கல் நினைவில் வைத்துள்ளது.

அச்சத்தின் காலம்

செஞ்சிப் பகுதியில் வழங்கும் மரபு தமிழ்ச் சமணர் இல்லங்களில் இன்றும் கூறப்படுவது. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் அது இடம்பெற்றுள்ளது. செஞ்சித் தலைவன் ஒருவன் சமணரிடம் பெண் கேட்டு இழிவுபட்டதால், அவர்களைக் கொல்லுமாறு ஆணையிட்டான் என்றும், அது 1478இல் நிகழ்ந்தது என்றும் கூறுவர். ஆண்டும் தலைவன் பெயரும் ஆராய்ச்சிக்கு உரியன. ஆயினும் அம்மரபு மனித உள்ளத்தைப் பற்றிக் கூறும் செய்தி நுட்பமானது.

சிலர் ஊரை விட்டு ஓடினர். சிலர் திருநீறு பூசிச் சைவராயினர். சிலர் வெளியே நீறு பூசி, வீட்டினுள் மறைவாகச் சமண ஒழுக்கத்தைக் காத்தனர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் மாலையில் நீர்நிலை அருகே சமண முறைப்படி வழிபாடு செய்கையில் பிடிபட்டார். தலைவனுக்கு மகன் பிறந்திருந்த வேளையாதலின் உயிர் தப்பினார். அவர் சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் பெற்றிருந்தவர். அச்சம் நீங்கியபின் அவர் சிரவணபெளகொளாவிற்குச் சென்று வீரசேனரை அழைத்து வந்தார். இருவரும் ஊர்தோறும் சென்று, பிரிந்தவர்களுக்கு மீண்டும் பூணூல் அணிவித்து நெறியில் சேர்த்தனர். தாயனூர்க் குடும்பத்தார்க்கு வழங்கப்படும் முதன்மை மரியாதை அந்நன்றியின் அடையாளம் என்பர்.

வீரசேனரும் உடையாரும் நீறு பூசியவர்களின் வாயிலுக்குச் சென்றபோது, ஏன் பூசினீர் என்று கேட்டதாக மரபில் இல்லை. கேட்டிருந்தால் எத்தனை வீடுகள் கதவைத் திறந்திருக்கும்? திரும்பாதவர்களும் இருந்தனர். நீறுபூசி வேளாளர் என்று அழைக்கப்பட்டோர் அவர்களின் வழியினர் என்று கூறப்படுகின்றது. அவர்கள் முன்னோர் தம் பிள்ளைகளின் உயிரைக் காக்க நீறு அணிந்தனர். புதிய வழிபாட்டில் ஒரு தலைமுறை வளர்ந்தபின், அதுவே அவர்களுக்குத் தாய்வழி வந்த நெறியாயிற்று. உயிரைக் காக்க நேர்ந்த மாற்றத்தை இழிவென்று கூறுதல் அகிம்சையைப் போற்றுவோர்க்கு அழகன்று.

நிலைநிறுத்தல்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஸ்திதிகரணம் ஒன்று. வழுவுகின்றவரை மீண்டும் நிலைநிறுத்துதல் அதன் பொருள். அதற்குச் சமந்தபத்திரர் காட்டும் சான்று சிரேணிக மன்னனின் மகன் வாரிசேணர். அவருடைய நண்பன் புஷ்பதாலன் நட்பின் பொருட்டே துறவு பூண்டவன். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் மனைவியின் நினைவு அவனை விடவில்லை. அவன் ஊர் நோக்கிப் புறப்பட்டபோது வாரிசேணர் கடிந்துரைக்கவில்லை. தனியே விடவும் இல்லை. தாமும் உடன் நடந்து தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்றார். மகனும் வழுவினானோ என்று ஐயுற்ற தாய் சேலனா தேவி, பற்றுடையார்க்கும் பற்றற்றார்க்கும் தனித்தனி ஆசனம் இட்டாள். வாரிசேணர் பற்றற்றார் ஆசனத்தில் அமர்ந்து, தாம் துறந்து வந்த மனைவியரை அழைப்பித்து, வேண்டுமாயின் இச்செல்வத்தையெல்லாம் நீயே கொள்க என்று நண்பனிடம் கூறினார். புஷ்பதாலன் நாணி உள்ளம் தெளிந்தான். தன் பொருட்டுத் தாயின் ஐயத்திற்கும் ஆளான நண்பனை விட்டு அவனால் எங்கும் செல்ல இயலவில்லை.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பரவியுள்ளன. விடுதியில் தங்கிப் பயிலும் மகன் பொழுது சாயுமுன் உண்ண இயலாதிருக்கலாம். இரவுப் பணியில் உள்ள மகளுக்கு நீரை வடிகட்டிப் பருகும் வழக்கம் கைவிட்டிருக்கலாம். ஒரு விரதம் தவறிய குற்ற உணர்வு, அடுத்த விரதத்தையும் தவறவிடச் செய்யும். பின்னர் ஊர்த் திருவிழாவிற்கு வருவதற்கே கூச்சம் தோன்றும். நாலாயிரம் மன்னர்கள் பரதனுக்கு அஞ்சிக் காட்டில் நின்றதைப் போன்றதே இதுவும். அவர்களை விலக்குவது பசியன்று. வீட்டார் முகத்தைக் காண அஞ்சும் அச்சம். ஒழுக்கத்தைத் தளர்த்துவதால் அது தீராது. சமந்தபத்திரரின் ஆசிரியர் ஒழுக்கத்தைத் தளர்த்தியவர் அல்லர். சென்றவர் மீண்டும் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தவர் அவர்.

ஆதிபகவனின் கதையும் அவ்வாறே நிறைவெய்துகின்றது. பகவான் உணவேற்கப் புறப்பட்டபோது மக்கள் யானையையும் மணியையும் அணிகலனையும் கொண்டு வந்து நின்றனர். முனிவர்க்கு அளிக்கத் தக்கது எது என்று ஒருவரும் அறியவில்லை. அஸ்தினாபுரத்துச் சிரேயாம்ச குமாரன் மட்டும், முற்பிறப்பில் சாரண முனிவர்க்கு உணவளித்ததை நினைவுகூர்ந்து, கரும்பின் சாற்றைப் பகவானின் கைகளில் வார்த்தான். அந்நாளே அட்சய திருதியை. பின்னர்ப் பகவான் கேவல ஞானம் எய்தியபோது, காட்டில் மரவுரி தரித்துத் திரிந்த அம்மன்னர்கள், மரீசி ஒருவன் நீங்கலாக, மீண்டும் வந்து தீட்சை பெற்றனர். சமவசரணத்தின் வாயிலில் அவர்களை எவரும் தடுக்கவில்லை.